மூன்றாவது ஓலை

சூசைமுத்து வாத்தியார் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை. மனத்துக்குள் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, அதை அவ்வப்போது எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவனுக்குச் சோற்று நினைப்பு எப்படி வரும்?

என்ன விஷயம் என்று போன வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்களுக்காக இன்னொரு தரம் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் அதற்குள் வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.

கூடலூருக்கு மேலே மலையில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பம் பள்ளத்தாக்கில் சந்தியாகுபட்டி என்று ஓர் ஊர். எல்லோரும் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியாரும், சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துகிற கோயில் உபதேசியாரும் சூசைமுத்து ஒருவரேதான். இரண்டு வேலைக்கும் சேர்த்து மாதம் எட்டு ரூபாய். அவருடைய சித்தப்பா மகன் பங்கிராஸ், அணையில் கொத்தனார்களுக்கு மேஸ்திரி. அவனுக்கு மாதம் இருபத்தைந்து ரூபாய். இந்தக் கதை நடப்பதெல்லாம் நடுவில் கிடக்கிற அந்தப் பதினேழு ரூபாயில்தான்.

சவரியம்மாள் என்கிற கைம்பெண் தன் மகள் பிலோமினாவை வாத்தியாருக்கென்று ஊரறியப் பேசி வைத்திருந்தாள். அவள் அவருக்கு அத்தை முறை; முறை உண்டே தவிர, ரத்தம் நாலைந்து தலைமுறைக்கு அப்பால். பங்கிராசின் பெண்சாதி அமுதா மலையில் காய்ச்சல் கண்டு செத்துப் போனாள். அவனுக்கு மறுகல்யாணம் என்று பேச்சு எழுந்ததும், சவரியம்மாள் எட்டை விட்டு இருபத்தைந்துக்குத் தாவிவிட்டாள்.

வேதக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊருக்கு அறிவிக்கிற ஓலை. சாமியாருக்குப் பல ஊர். மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார். முதல் ஓலையை அவர் வாசித்துவிட்டுப் போனார். இரண்டாவது ஓலை சூசைமுத்து தலையில் விழுந்தது. தனக்கென்று பேசிய பெண்ணின் பெயரை இன்னொருவன் பெயரோடு சேர்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அவரே வாசித்தார்.

வாசித்துவிட்டு வெளியே வந்தபோது, பங்கிராசின் மூன்று வயது மகள் செலின், பிலோமினாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "ஞானத்தாயே, தூக்கு" என்றது. அப்போதுதான் வாத்தியாருக்குச் சுரீரென்று உறைத்தது.

செலினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் பிலோமினா. பிள்ளையின் ஞானத்தாய்க்கும், பிள்ளையைப் பெற்ற தகப்பனுக்கும் அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டப்படி ஞான உறவு உண்டு. மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் செல்லாது. ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தாயில்லாப் பிள்ளையை வளர்க்கிறவளே அதன் தகப்பனைக் கட்டிக்கொள்வதைவிட வேறு என்ன பொருத்தம் வேண்டும் என்று எல்லோரும் பூரித்துப் போயிருந்தார்கள். சாமியார் ஊருக்குப் புதியவர். யார் யாருக்கு ஞானத்தாய் என்று அவருக்குத் தெரியாது.

தெரிந்த வாத்தியார் ஓடிப்போய்ச் சொன்னாரா? சொல்லவில்லை. மூன்றாவது ஓலைக்கு அடுத்த ஞாயிறு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தின ஆகமன காலம் பிறக்கிறது. பிறந்துவிட்டால் ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. பங்கிராசுக்கு லீவு புதன்கிழமையோடு சரி. கல்யாணம் செவ்வாய்க்கிழமை; அதற்காக வருகிற சாமியாரும் புதன்வரைதான் ஊரில் இருப்பார். மூன்றாவது ஓலை வாசிக்கிற அன்று தடையைச் சொன்னால், அனுமதி வாங்க நேரம் இருக்காது. கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்.

இன்று அந்த மூன்றாவது ஞாயிறு.

*

விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. சூசைமுத்து குளித்து, தன் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, முழங்கையில் போட்டிருந்த ஒட்டு விட்டுப் போயிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இருக்கீகளா?"

வாசலில் பங்கிராஸ். காலில் பூட்ஸ், கையில் குடை. தோளில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு தொங்கியது.

"இஞ்சினியர் தொர ஒருத்தரு சீமைக்குப் போறப்ப ஏலத்துல விட்டுட்டுப் போனாரு. ஒங்களுக்குன்னு எடுத்தேன். இதப் போட்டுக்கிட்டு ஓலை வாசிங்க."

"எனக்கு எதுக்குடா?"

"முழங்கை தெரியுதுண்ணே. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. பெரிதாக இருந்தாலோ சின்னதாக இருந்தாலோ திருப்பிக் கொடுத்திருக்கலாம். பொருந்தித் தொலைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். சூசைமுத்து பரீட்சை எல்லாம் தேறி, ஐந்து ரூபாயில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ரூபாய் ஏறுவதற்கு இன்ஸ்பெக்டர் வர வேண்டும், பிள்ளைகளைக் கேள்வி கேட்க வேண்டும், பிள்ளைகள் உளறாமல் இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் மூன்று தரம்தான் பிள்ளைகள் உளறாமல் இருந்தார்கள். பங்கிராஸ் மூன்றாம் வகுப்பில் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடியவன். நாலணாக் கூலிக்குச் சுண்ணாம்பு சுமக்க மலை ஏறினான், கரண்டி பிடிக்கக் கற்றான், கொத்தனாரானான், கொத்தனார்களை வேலை வாங்குகிறவனாகவும் ஆகிவிட்டான். இன்ஸ்பெக்டர் யாரும் அவனைக் கேள்வி கேட்கவில்லை.

"நல்லா இருக்குண்ணே" என்றான் பங்கிராஸ். பிறகு குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு சொல்லட்டா? ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

வாத்தியார் தன் காதை நம்பவில்லை. "என்னப் பாத்தா?"

"செலினுக்கு நேத்து முட்டாய் நீட்டுனேன். வாங்கிக்கிட்டு ஒங்க பின்னால ஓடிருச்சு. இருபத்தஞ்சு ரூபா வாங்கி என்ன? எம்புள்ளைக்கு எம்மூஞ்சி தெரியல. ஒங்க முதுகுலதான் ஏறி ஒக்காருது."

"பழகினா வரும்."

"எங்கன பழக? இந்தக் கல்யாணம் முடிஞ்சாத்தான் வீடுன்னு ஒண்ணு இருக்கும், புள்ளையும் ஒட்டும். அதுக்குத்தான் இம்புட்டு அவசரம்."

நல்ல மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் மனம் இளகியிருக்க வேண்டும். சூசைமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது. தன்னிடமும் அவன் பொறாமைப்பட ஒன்று இருக்கிறது என்று நினைக்க நினைக்க, கோட்டுக்குள் உடம்பு கதகதப்பாக இருந்தது.

*

கோயில் முற்றத்தில் சின்னக்கருப்புவின் வண்டி நின்றது. கூடலூர்க்காரன், மலையடிவாரம்வரை அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றுகிறவன். பங்கிராசின் கல்யாணச் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். வேதக்காரன் இல்லை, அதனால் கோயிலுக்குள் அவனுக்கு வேலையும் இல்லை. சவரியம்மாள் அவனைப் பிடித்துக்கொண்டாள். மருமகனின் சம்பளத்தை நாலு பேர் காதில் போடுவதற்கு அவளுக்கு ஒரு கூட்டாளி தேவையாக இருந்தது.

"ஏம்ப்பா, போலீசுக்காரனுக்கு என்ன குடுக்காக?"

"ஏழு ரூபாம்பாக."

"ஏழுதானா? வாத்தியாருக்கே எட்டு."

"போலீசுக்காரன் வீட்டுல கோழிக்குக் காசு குடுக்க வேண்டியதில்லையே ஆத்தா."

பெண்கள் சிரித்தார்கள். சவரியம்மாள் விடவில்லை.

"மலையில மருந்து குடுக்கிற கம்பவுண்டருக்கு?"

"பதினஞ்சு இருக்கும். அவுகளையும் காய்ச்சல் விடாது."

"ஒனக்கு?"

"எனக்கு என்னத்த? மாடு தின்னது போக மிஞ்சினது."

"எங்க மேஸ்திரிக்கு இருபத்தஞ்சு" என்றாள் சவரியம்மாள், கேட்காதவர்களைப் பார்த்து.

மணியடிக்கப் போய்க்கொண்டிருந்த சூசைமுத்து நின்றார். பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த இருபத்தைந்தை இந்த ஊரில் அவர் எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பார்.

"அணை ஒருநா கட்டி முடிஞ்சிரும் அத்தே. அன்னிக்கு மேஸ்திரி எங்கன போவாரு? பள்ளிக்கூடம் முடியாது."

"முடியாதுதான் மருமகனே. ஒஞ் சம்பளமும் ஏறாது."

இந்த முறை ஆண்களும் சிரித்தார்கள். சவரியம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அணை முடிஞ்சா தண்ணி வரும்ல? எங் காட்டுல இன்னிக்கு வெளையுறது சோளம். தண்ணி வந்தா நெல்லு. மேஸ்திரி வேலை போனா எம் மருமகன் வரப்புல நிப்பான். நீ நிப்பியா? வாய்ப்பாடுதான் சொல்லுவ."

சூசைமுத்து மணிக்கூண்டைப் பார்த்து நடந்தார். மணிக்கயிற்றை அன்று வழக்கத்தைவிடப் பலமாக இழுத்தார். பேசுங்கள் அத்தை, இன்னும் அரைமணி நேரம் பேசுங்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

*

முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் கோயிலுக்குள் பிலோமினா மட்டும் இருந்தாள். சந்தியாகப்பரின் மரச் சுரூபத்துக்கு முன்னால் கோழிக்கொண்டைப் பூவை அடுக்கிக்கொண்டிருந்தாள். செலின் பீடத்துப் படியில் உட்கார்ந்து, உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா, போன வாரம் எம்பேரு வந்தப்பத் தொண்டையக் கனைச்சீக."

"தூசி."

"இன்னிக்கும் தூசி இருக்குமா?"

சூசைமுத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் திரும்பிக்கொண்டார். இரண்டு வருஷமாகக் கேட்காத கேள்வி அவர் வாயில் அப்போது வந்தது.

"ஒனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமா?"

பூ அடுக்கிய கை நின்றது.

"இப்பக் கேக்கீக. ரெண்டு வருசமா எங்க வாசல்ல வந்து நின்னீக. வரப்பெல்லாம் ஆத்தாகிட்ட, அடுத்த இன்ஸ்பெக்சன்ல ஒம்பதாகும், அதுக்கடுத்துப் பத்தாகும்னு சொல்லிட்டுப் போயிருவீக. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"எட்டு ரூபாய வச்சுக்கிட்டு என்னத்தக் கேக்க?"

"எட்டு ரூபா போதுமா போதாதான்னு நானுல்ல சொல்லணும்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. முடிந்துபோனதைப் பற்றிப் பேசுகிற குரல். 

"பங்கிராச ஒனக்குப் புடிச்சிருக்கா?"

"இவளப் புடிச்சிருக்கு" என்று செலினைக் காட்டினாள். "நான் இல்லேன்னா அவுக வேற எங்கனயாச்சும் கட்டிக்கிடுவாக. இல்லாட்டித் தனியாவே புள்ளைய மலைக்குத் தூக்கிட்டுப் போயிருவாக. அமுதாக்கா செத்தது அந்த மலையிலதான் மாமா. இவளும் அங்கன போனா எத்தன நா இருப்பா? அவுகளக் கட்டிக்கிட்டா நானும் இவளும் இங்கன ஆத்தா வீட்டுலயே இருந்துக்கிடலாம்னு பேசியிருக்கு. எனக்கு அது போதும்."

கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு அவர் நின்றார். சொல்லாமல் விட்டுவிட்டால்? செல்லாத கல்யாணம். என்றைக்காவது ஒருநாள் தெரிந்தால், பிலோமினா ஊர் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும். சொல்லிவிட்டால்? பிள்ளை மலைக்குப் போகும். போன ஞாயிறே சொல்லியிருந்தால் இந்த இரண்டுமே இல்லை. இது அவருக்குப் புரிந்தது. இன்றைக்கே, ஓலை வாசிப்பதற்கு முன், பங்கிராசைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

பிலோமினா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோட்டு நல்லா இருக்கு. அவுக குடுத்ததா?"

அவ்வளவுதான். இளகியது திரும்பவும் இறுகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் உடுத்திய எதையும் அவள் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. முதல் தரம் சொன்னது அவன் கொடுத்த கோட்டை.

"ரெண்டாவது மணி அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

*

செபமாலை முடிந்தது. பிரார்த்தனை முடிந்தது. இடதுபக்கம் பெண்கள், வலதுபக்கம் ஆண்கள், நடுவில் யாரும் உட்காராத ஒரு நடைபாதை. முன்வரிசையில் பங்கிராஸ் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு முழந்தாளிட்டிருந்தான்.

சூசைமுத்து ஓலையைப் பிரித்தார்.

"இவ்வூர் காலஞ்சென்ற மரியான் மகன், தாரமிழந்த பங்கிராசுக்கும், காலஞ்சென்ற ஞானப்பிரகாசம் மகள் கன்னிகை பிலோமினாவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை. இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள், ஆத்தும கடனாக எண்ணி வெளிப்படுத்தக் கடவார்கள்."

தொண்டையில் தூசி இல்லை. குரல் பிசிறவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டு ஓலையை மடித்துவிடுவார். இன்று மடிக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றார் சூசைமுத்து.

 அவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். செலினின் ஞானஸ்நானம், ஏந்தி நின்றது யார், ஞான உறவு என்றால் என்ன, அதற்குச் சட்டம் என்ன. சொல்லச் சொல்லத் தன் பக்கம் நியாயம் இருப்பது அவருக்கே தெம்பாக இருந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சவரியம்மாள் எழுந்துவிட்டாள். "புள்ளையத் தூக்கி வச்சிருந்ததுக்கா எம் மகளுக்குக் கல்யாணமில்ல?"

"சட்டம் அத்தே."

"இது சட்டமில்ல. பதினேழு ரூபா. பதினேழு ரூபா ஒனக்குக் கண்ணக் குத்துது, அதான்."

"நான் சொல்லாட்டி, செல்லாத கல்யாணம் ஆயிருக்கும். ஒங்க மகளுக்குத்தான் அவமானம்."

பங்கிராஸ் எழுந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இன்னும் வரவில்லை. குழப்பம்தான் இருந்தது.

"அண்ணே, இதுக்கு வழி ஒண்ணுமே கெடையாதா?"

"இருக்கு. மேலிடத்து அனுமதி வாங்கணும். நம்ம சாமியாருக்கு அந்த அதிகாரம் இல்ல. பெரியகுளத்துல பெரிய சாமியாரு இருக்காக, அவுக குடுக்கலாம்."

"பெரியகுளத்துக்கா? செவ்வாக்கெழம கல்யாணம். புதங்கெழம சாயங்காலம் நான் மலையேறணும். ஏறலேன்னா எம் எடத்துல இன்னொருத்தன் நிப்பான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் சூசைமுத்து. இந்த வார்த்தையைச் சொல்வதற்குத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தார். சொன்ன பிறகு, நினைத்திருந்த அளவுக்கு அது ருசிக்கவில்லை.

அப்போது பிலோமினா எழுந்தாள். செலினை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடுப்பாதைக்கு வந்து நின்றாள். செபம் நடக்கிற இடத்தில் பெண்கள் வந்து நிற்கிற பாதை அல்ல அது.

"மாமா, இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். பின்னால் பீடம் இருந்தது, கையில் ஓலை இருந்தது. உபதேசியாருக்குப் பொய் வரவில்லை.

"போன ஞாயித்துக்கெழம."

 வாய்ப்பாடு தெரியாதவர்கள்கூட அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டு முடித்தார்கள். ஏழு நாள். பெரியகுளத்துக்குப் போய்விட்டு வந்து, சாவகாசமாகப் பந்தலும் போட்டிருக்கலாம்.

"போன வாரமே சொல்லியிருந்தா" என்று தொடங்கினான் பங்கிராஸ். அவன் பார்வை அண்ணன் போட்டிருந்த கோட்டின்மேல் விழுந்தது. சூசைமுத்து அவசரமாகப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கழட்ட வேணாம். மழ பெய்யுது."

அண்ணே என்கிற வார்த்தை அதில் இல்லை. பிறந்ததிலிருந்து அவன் அதைச் சேர்க்காமல் அவரிடம் பேசியதில்லை. அதைக் கோயிலில் வேறு யாராவது கவனித்தார்களோ என்னவோ, சூசைமுத்து கவனித்தார்.

பங்கிராஸ் ஊரைப் பார்த்துச் சொன்னான். "புதங்கெழம சாயங்காலம் நான் கெளம்புறேன். கல்யாணம் நடந்தா புள்ள இங்கன இருக்கும். நடக்காட்டி நான் கூட்டிட்டுப் போறேன். என்னைய இப்படி நெனைக்கிற ஊருல எம் புள்ளைய விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல."

பிலோமினாவின் கை செலினின் முதுகை இறுக்கிக்கொண்டது. மலைக்காய்ச்சல் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஞாபகம் வந்தது அமுதாதான்.

"நீங்க போங்க மாமா" என்றாள் பிலோமினா.

"எங்க?"

"பெரியகுளத்துக்கு. தடுத்தது நீங்கதான. நீங்கதான் வாங்கியாரணும். புதங்கெழம பொழுது சாயறதுக்குள்ள."

"இவனா?" என்று சவரியம்மாள் கையை உதறினாள். "இவன வாங்கியாரச் சொல்லுதியே, ஒனக்குப் புத்தி இருக்கா? போற வழியில கால் சுளுக்கிக்கிச்சும்பான்."

"வாங்கியாருவாக ஆத்தா."

அவள் அதை அம்மாவிடம்தான் சொன்னாள். பார்த்துக்கொண்டு நின்றது சூசைமுத்துவை. தனக்கென்று நினைத்த பெண், இன்னொருவனைக் கட்டிக்கொள்ள, அனுமதி வாங்கி வரும்படி அவரையே அனுப்புகிறாள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் வேறு யார் போனாலும் பெரிய சாமியார் நம்பமாட்டார் என்பதும், மூன்று ஓலையும் முறைப்படி வாசிக்கப்பட்டதற்கு உபதேசியாரே சாட்சி என்பதும் அவருக்குத் தெரியும்.

ஓலையை மடித்து, பங்கிராஸ் கொடுத்த கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, நடுப்பாதை வழியாக வெளியே நடந்தார். பிலோமினாவைத் தவிர யாரும் வழிவிட வேண்டியிருக்கவில்லை.

*

சின்னக்கருப்பு ஒன்றும் கேட்காமல் மாட்டைப் பூட்டினான். முற்றத்தில் இருந்தவனுக்கு உள்ளே நடந்தது எல்லாம் கேட்டிருந்தது.

உத்தமபாளையம் போயிற்று. சின்னமனூர்ச் சாலையில் மழை வலுத்து, பிறகு விட்டது. வலதுகைப் பக்கம் மேகமலை கொஞ்சம் தெரிந்து, மறுபடி மறைந்தது. வாத்தியார் வண்டிக்குள் உட்காராமல் முன்னால் வந்து, சின்னக்கருப்புக்குப் பக்கத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அனுமதி கிடைத்துப் புதன் பொழுதுக்குள் ஊர் திரும்பினால், அவரே மணியடித்து, அவரே கோயிலை அலங்கரித்து, அந்தக் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும். திரும்பாவிட்டால் பங்கிராஸ் மலைக்குப் போய்விடுவான். பிலோமினா இங்கேயே இருப்பாள். தனியாக இருப்பாள். பிள்ளை மட்டும் இருக்காது. அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் எத்தனை தரம் தள்ளிவிட்டாலும், பக்கத்தில் வந்து நின்றது.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"மாடு ரெண்டும் காலையில நல்லாத் தீனி எடுத்திருக்கு. வெரட்டுனா நாளைக்கு உச்சிக்குள்ள பெரியகுளம் போயிரலாம். அது பாட்டுக்கு விட்டா, போயிச் சேர நாளைக்கு ராத்திரி ஆயிரும். ராத்திரியில சாமியார எழுப்ப முடியாது. செவ்வாக்கெழம பாத்து, காயிதம் எழுதி வாங்கிக் கெளம்பப் பொழுது சாஞ்சிரும், புதங்கெழம பொழுதுக்குள்ள ஊரு போக வாய்க்காது." சின்னக்கருப்பு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் கேலி இல்லை. வாடகைக்கு ஏறியவரிடம் எந்தச் சத்திரத்தில் இறங்க வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டான். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எப்படிப் போகணும்னு நீங்க சொல்லுங்க."

 மாடுகளின் கழுத்துமணி ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே சந்தைக்குப் போகிற வண்டி ஒன்று வந்து, ஒதுங்கி, கடந்து போயிற்று.

பிறகு சூசைமுத்து கையை நீட்டினார்.

"அந்தச் சாட்டைய எங்கிட்டக் குடு."

சின்னக்கருப்பு கொடுத்தான். கொடுத்துவிட்டு, அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க வெரட்டவா வாத்தியாரே? இல்ல, நான் வெரட்டக் கூடாதுன்னா?"

வண்டி போகிற வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. சாட்டை வாத்தியாரின் மடியில், அந்தச் சாம்பல் நிறக் கோட்டின்மேல் கிடந்தது.